கடைசி வரியில் ஒரு வர்க்கம்

30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி. அதன் ஒரு முனை 20 டிகிரியிலும் மறுமுனை 80 டிகிரியிலும் நெடுநேரம் வைக்கப்பட்டிருக்கிறது. பிறகு இரண்டு முனைகளையும் சட்டென்று பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்துவிடுகிறோம். கம்பியின் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு வெப்பநிலை இருக்கும்?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கம்பியைத் தெரியும். எம்-3 என்று மாணவர்கள் சொல்லும் மூன்றாவது செமஸ்டர் கணிதத்தில் வருகிற கணக்கு இது. நாங்கள் எழுதிய காலத்தில் 16 மார்க். சமன்பாட்டை எழுத வேண்டும். மாறிகளைப் பிரித்து, வரக்கூடிய மூன்று தீர்வுகளையும் எழுதி, நேரம் போகப் போகக் குறைகிற தீர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முனைகளின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மாறிலிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் ஃபூரியே தொடர். இரண்டு பக்கம் நிறைந்துவிடும். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பதால் நடுவில் எங்காவது தப்பினாலும் பத்து மார்க் தேறும். கடைசி வரியைச் சுற்றி ஒரு பெட்டி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. பொறியியல் படிப்பில் கணிதத்துக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றியே போகப் போகிறது.

முதலில், கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மொத்தம் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதி எடை கணிதத்துக்கே போகிறது. ஏன் என்று பிளஸ் டூ மாணவரிடம் கேட்டால் தெரியாது. பெரும்பாலும் பெற்றோருக்கும் தெரியாது. 2021-இல் பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களும் சில பொறியியல் படிப்புகளில் சேர இடம் தருவதுபோல் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தன் கையேட்டை வெளியிட்டபோது நாடு முழுக்க வாக்குவாதம் நடந்தது. கணிதம் மூளைக்குப் பயிற்சி தருகிறது என்றார்கள் ஒரு பக்கம். வேலைக்குப் போனபின் யார் உட்கார்ந்து இன்டக்ரேஷன் போடுகிறார்கள் என்றார்கள் மறுபக்கம். இரண்டு பேச்சிலும் எனக்கு நிறைவில்லை. மூளைப் பயிற்சிக்குச் சதுரங்கம் போதும். வேலையில் இன்டக்ரேஷன் போடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் விடையைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறோம். எடுப்பவருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, கம்பிக்கு வருவோம்.

அந்தக் கணக்கின் சமன்பாட்டைக் குறியீடுகள் இல்லாமல் சொல்லலாம். ஓர் இடத்தின் வெப்பநிலை எவ்வளவு வேகமாக மாறும்? அந்த இடம் தன் அக்கம்பக்கத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு வேகமாக மாறும். அக்கம்பக்கத்தைவிடச் சூடாக இருந்தால் ஆறும், குளிர்ந்திருந்தால் சூடேறும், எல்லாம் ஒரே சரிவில் இருந்தால் அப்படியே இருக்கும். வெப்பச் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான். பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் என்ற பெயரைக் கேட்டு மிரண்டுபோகிற மாணவரிடம் இதைச் சொன்னால், "இதுதானா சார்?" என்று கேட்பார். இதுதான்.

இந்த எளிய விதியிலிருந்து இரண்டு பக்கம் கணக்குப் போட்டால் கிடைக்கிற கடைசி வரியில் ஓர் அடுக்குக்குறி உறுப்பு வரும். அடுக்கில் ஒரு மைனஸ் குறி; அதையடுத்து பையின் (π) வர்க்கமும், அந்தப் பொருளில் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்று காட்டும் வெப்பப் பரவல் எண்ணும், நேரமும்; அவற்றுக்குக் கீழே, வகுக்கும் இடத்தில், நீளத்தின் வர்க்கம். நீளம் இல்லை, நீளத்தின் வர்க்கம். அப்படியென்றால் கம்பி இரண்டு மடங்கு நீளமானால் ஆறுவதற்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். பத்து மடங்கு நீளமானால் நூறு மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பக்கவாட்டில் வெப்பம் தப்பாமல் மூடி வைத்த 30 செ.மீ. இரும்புக் கம்பி, முதலில் இருந்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு வருவதற்கு ஏறத்தாழ ஆறேழு நிமிடம் ஆகும். செம்புக் கம்பி என்றால் ஒன்றரை நிமிடம் போதும். இரும்புக் கம்பியையே 60 செ.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட 26 நிமிடம். இந்த எண்களைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆறு நிமிடமா ஆறு மணி நேரமா என்று தெரியாமலேயே ஒருவர் அந்தக் கணக்கில் முழு மார்க் வாங்கிவிடலாம். நம் பாடத்திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதே சமன்பாட்டை மண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்று நீர் கோடையில் ஜில்லென்றும் மார்கழி விடியற்காலையில் வெதுவெதுப்பாகவும் இருப்பது ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தரையின் மேல் வெப்பம் இரண்டு தாளங்களில் ஏறி இறங்குகிறது: ஒன்று பகல்-இரவு, இன்னொன்று கோடை-குளிர். இந்த அலைகள் மண்ணுக்குள் இறங்கும்போது மங்கிக்கொண்டே போகும். சாதாரண ஈர மண்ணில் தினசரி அலை 12 செ.மீ. ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். அரை மீட்டரில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஆண்டு அலை எவ்வளவு ஆழம் போகும்? ஆண்டுக்கு 365 நாள்; அதனால் 365-இன் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 19 மடங்கு ஆழம். இரண்டேகால் மீட்டர். அதே வர்க்கம்தான் இங்கே தலைகீழாக வருகிறது.

இன்னொன்றையும் சமன்பாடு சொல்கிறது. அலை மங்குவதோடு தாமதமாகவும் போகிறது. ஏழு மீட்டர் ஆழத்துக்குப் போனால் தாமதம் ஏறத்தாழ அரை ஆண்டு. மேலே மார்கழியில் விழுந்த குளிர் அங்கே போய்ச் சேரும்போது ஆனி மாதம் ஆகிவிடும். ஆனால் போய்ச் சேருவது நூற்றில் நான்கு பங்குதான். ஆகவே அந்த ஆழத்து மண்ணும், அதை ஒட்டி ஊறும் நீரும் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. மாறுவது வெளிக்காற்றும் நம் தோலும்தான். தரைக்கடியில் குழாய் பதித்து வீட்டைக் குளிர்விக்கத் திட்டமிடுகிறவர் எத்தனை மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

இதையெல்லாம் முதலில் போட்டுப் பார்த்தவர் ஜோசப் ஃபூரியே. தையல்காரரின் மகன். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்து, பிறகு கிரனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக இருந்தார். சதுப்பு நிலத்தை வற்றவைப்பது, சாலை போடுவது என்று அன்றாட வேலைகளுக்கு நடுவேதான் வெப்பம் பற்றிய ஆய்வைச் செய்தார். 1807-இல் பாரிஸில் அதைச் சமர்ப்பித்தபோது லக்ராஞ்சு போன்ற பெரிய கணித மேதையே ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வடிவத்தையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவ்வளவு நம்ப முடியாததாக இருந்தது. புத்தகமாக வெளிவர 1822 ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. ஃபூரியே பாடம் நடத்திய பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியது 1794-இல். பொறியாளராக வேண்டுமானால் முதலில் கணிதம் படி என்ற முறையை உலகுக்கு அறிமுகப்படுத்திய கல்லூரி அது. அதே 1794-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நம் ஊரில் பொறியியல் கல்வி கட்டடத்திலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ தொடங்கவில்லை, அளப்பதிலிருந்து தொடங்கியது. 1802-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்துவிட்டு, மீதி நாட்டை முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டே அளக்கத் தொடங்கினார். அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தபின், கண்ணுக்குத் தெரிகிற அடுத்த குன்றுக்குச் சங்கிலி இழுக்கத் தேவையில்லை, கோணம் போதும்.

ஃபூரியேவின் வெப்பக் கணக்கு மண்ணையும் கம்பியையும் தாண்டி முதன்முதலாகப் பெரும் பணத்தை எடுத்ததும் கொடுத்ததும் அட்லாண்டிக் கடலில்தான்.

1850-களில் அயர்லாந்துக்கும் கனடாவின் கிழக்குக் கரைக்கும் இடையே கடலடியில் தந்திக் கேபிள் போட முயன்றார்கள். வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர், பதினாறு வயதிலேயே ஃபூரியேவின் கணிதத்தில் மூழ்கியவர். நீருக்கடியில் கிடக்கும் கேபிளில் மின்சமிக்ஞை எப்படிப் போகும் என்று எழுதிப் பார்த்தார். வந்து நின்றது வெப்பச் சமன்பாடு. வெப்பநிலையின் இடத்தில் வோல்டேஜ், கம்பியின் இடத்தில் கேபிள்; வேறு எதுவும் மாறவில்லை. எனவே கடைசி வரியில் இருந்த வர்க்கமும் அப்படியே வந்தது: கேபிளின் நீளம் பத்து மடங்கானால் சமிக்ஞை மங்கிப் பரவித் தாமதமாவது நூறு மடங்காகும். 1855-இல் அதை வெளியிட்டார். தீர்வும் அவருடைய சமன்பாட்டிலேயே இருந்தது: செம்பைத் தடிமனாக்கு, சுற்றியுள்ள காப்பையும் தடிமனாக்கு, மறுமுனையில் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி வை.

கேபிள் நிறுவனத்தின் மின்பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். அடிப்படையில் மருத்துவர், சோதனைகள் நிறையச் செய்தவர். வர்க்க விதியை அவர் ஏற்கவில்லை. கேபிள் மெலிதாகவே போடப்பட்டது. 1858 ஆகஸ்டில் இரு கண்டங்களும் இணைந்தன. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச்சேர சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. சமிக்ஞை மங்கலாக வருகிறதே என்று வைட்ஹவுஸ் வோல்டேஜைக் கூட்டினார், 2000 வோல்ட் வரை. ஏற்கெனவே தரம் குறைந்த கேபிள். சில வாரங்களில் ஊமையாகிப் போனது.

1866-இல் போட்ட கேபிளில் செம்பின் எடை முன்னதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. தாம்சனின் கண்ணாடிக் கால்வனாமீட்டர் மறுமுனையில் இருந்தது. நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் போயின.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் வைட்ஹவுஸை அவசரப்பட்டு முட்டாளாக்கிவிடுவார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கேட்காவிட்டால் சத்தமாகப் பேசு என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதான். இரண்டு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு சிரமம் என்று எண்ணுவதும் நம் எல்லாருக்கும் இயல்பு. வர்க்கம், கனம் (மும்மடி), அடுக்குக்குறி இவை எதுவும் நம் உடம்பில் இயல்பாக ஊறியவை இல்லை. நம் உள்ளுணர்வு நேர்கோட்டில் ஓடுகிறது. பொருள்கள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் எம்-1, எம்-2, எம்-3 எல்லாம்.

இதற்கு மேல் இந்தச் சமன்பாடு எந்தெந்தத் துறைக்குப் போகிறது என்று பார்த்தால் அநேகமாகக் கல்லூரியின் எல்லாக் கட்டடங்களுக்குள்ளும் போய்வர வேண்டியிருக்கும். சிவில் துறையில் மண்ணியல் அறிஞர் டெர்சாகி 1920-களில் களிமண் அமுங்குவதைக் கணக்கிட்டபோது மறுபடியும் வந்தது வெப்பச் சமன்பாடுதான். களிமண்ணுக்குள் அடைபட்ட நீர் வெளியேற எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப அமுங்கும் காலம். அதனால்தான் சதுப்பில் சாலை போடும்போது களிமண்ணில் நெருக்கமாக வடிகால்களைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். நீர் பத்து மீட்டர் போவதற்குப் பதில் ஒரு மீட்டர் போனால் போதும் என்றால், ஆண்டுக் கணக்கில் காத்திருப்பது மாதக் கணக்கில் முடிந்துவிடுகிறது. மின்னணுவியல் படிக்கிற இ.சி.இ. துறையில் சிப்புக்குள் ஓடும் மெல்லிய உலோகத் தடம் தாம்சனின் கேபிளைப் போலவே நடந்துகொள்கிறது: நீளத்தின் வர்க்கத்துக்குத் தாமதம். நடுநடுவே சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் வைத்துத் தடத்தைத் துண்டாக்கினால் வர்க்கம் உடைந்து நேர்கோடாகிவிடும். மெக்கானிக்கலில் எஃகுப் பொருளைச் சூடேற்றி எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது என்பதும் இதே கணக்குதான். கம்ப்யூட்டர் சயன்ஸில் படத்தைக் கலங்கலாக்கும் காஸியன் பிளர், அதே வெப்பச் சமன்பாட்டைப் படத்தின் மேல் ஓடவிடுவதுதான். சமையலறையிலும் உண்டு. உருளைக்கிழங்கைப் பாதி கனத்துக்கு நறுக்கினால் பாதி நேரத்தில் வேகாது, கால்வாசி நேரத்தில் வெந்துவிடும்.

நான் சிவில் படித்தவன். இந்த வர்க்கம் எனக்கு வகுப்பில் புரியவில்லை, ஒரு சென்ட்ரிங் பலகையின் மேல் நின்றபோதுதான் புரியத் தொடங்கியது. கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மறுநாள் காலை கான்கிரீட். முந்தின மாலை கம்பி கட்டியதைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைப்பார்கள். கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்க வேண்டுமோ அந்த உயரத்துக்கு வார்த்த சின்னக் கட்டி. உப்புக்காற்றும் ஈரமும் கம்பியை எட்டாமல் காப்பது அந்த மூடல்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., கடல் நீர்த் துளி தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ. எங்கள் வரைபடத்தில் 50. அங்கே ஒரு பீமின் அடியில் கவர் பிளாக் தீர்ந்துபோய் ஜல்லிக் கல்லைச் செருகியிருந்தார்கள். அளந்தேன். 25 மி.மீ.

"பாதி இருக்கே சார், கொஞ்சந்தானே குறையுது. பூச்சு வேற வரப்போவுது" என்றார் மேஸ்திரி. எனக்குப் பதில் தெரியவில்லை. வரைபடத்தில் 50 என்று போட்டிருக்கிறது, மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். ஆனால் அவருக்கு அது என் பிடிவாதமாகத்தான் பட்டிருக்கும், காரணம் சொல்லப்படவில்லையே.

காரணம் எம்-3 நோட்டில் இருந்தது. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிப் போவதும் வெப்பம் கம்பிக்குள் பரவுவதும் ஒரே சமன்பாடு. மூடல் பாதியானால் உப்பு கம்பியைத் தொடும் காலம் பாதியாகாது, கால்வாசியாகும். 50 மி.மீ. தாண்ட 40 ஆண்டு ஆகும் என்றால் 25 மி.மீ. தாண்டப் பத்தே ஆண்டு. அதற்குப் பிறகு கம்பி துருப்பிடிக்கும்; துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; கான்கிரீட் உள்ளிருந்து பிளந்து உரியும். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் பால்கனியின் அடிப்பாகம் உரிந்து கம்பி பழுப்பாகத் தெரிவதை எல்லாரும் பார்த்திருப்போம். சிமெண்டின் தரத்தைத்தான் திட்டுவோம். பல இடங்களில் அது அன்று செருகிய ஜல்லிக் கல்லாக இருக்கலாம். "கொஞ்சந்தானே" என்ற சொல்லுக்குள் முப்பது ஆண்டு போய்விடுகிறது என்று அந்த மாலையில் எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால், மேஸ்திரி அடுத்த கட்டடத்திலும் ஜல்லியைச் செருகியிருக்க மாட்டார். அவர் எண்ணில் கெட்டிக்காரர். கால்வாசி என்றால் அவருக்குப் புரியும்.

சமன்பாட்டை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. கான்கிரீட்டில் வெடிப்பு இருந்தால் உப்பு வர்க்கக் கணக்குப் பார்க்காது, நேராக உள்ளே போய்விடும். சமன்பாடு ஒரே சீரான பொருளுக்கானது. கட்டடத்தில் தேன்கூடு போல ஓட்டை விழுந்த கான்கிரீட்டும் உண்டு. எந்த இடத்தில் கணக்கு செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதை அறியவும் கணக்கின் அனுமானங்கள் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் கொடுக்கப்படும் முனை நிபந்தனைகளை மாணவர்கள் வெறும் வரிகளாகப் பார்க்கிறார்கள். ஆனால் சமன்பாடு எல்லா இடத்திலும் ஒன்றே; தளத்துக்குத் தளம் மாறுவது முனை நிபந்தனைதான். கேபிளின் மறுமுனையில் என்ன கருவி, களிமண்ணின் அடியில் மணலா பாறையா, பீமின் அடியில் பூச்சா வெறுங்காற்றா. அதைப் போய்ப் பார்த்துத்தான் எழுத முடியும்.

இதற்கெல்லாம் இப்போது சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்குள்ளும் இந்த வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது. நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளில் பெண்டர்-ஷ்மிட் முறை என்று ஒன்று படித்திருப்போம். கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டி, நேரத்தையும் சிறு துண்டுகளாக வெட்டி, கட்டம் கட்டமாக நிரப்புவது. அடுத்த கட்டத்தின் விடை, இரு பக்கத்துக் கட்டங்களின் சராசரி. அக்கம்பக்கச் சராசரி என்று மேலே சொன்னேனே, அது இங்கே கண்முன்னே தெரியும். ஆனால் கம்பியின் துண்டைப் பாதியாக்கினால் நேரத் துண்டைக் கால்வாசியாக்க வேண்டும். இல்லையென்றால் விடைகள் ஏறி இறங்கி, கட்டுமீறிப் போய், கம்பி சூரியனைவிடச் சூடாகிவிட்டதாகக் கணினி சொல்லும். அதைச் சொல்லும்போது கணினி தயங்குவதில்லை. பத்துத் தசம இடங்களோடு அச்சிட்டுத் தரும்.

தவறு அப்படி வெளிப்படையாகத் தெரிந்தால் பிழைத்தோம். தெரியாமல் போன கதை நார்வேயில் நடந்தது. ஸ்லெய்ப்னர்-ஏ என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவங்கர் நகருக்கு அருகே, நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் இடுக்கில் சோதனைக்காக இறக்கப்பட்டபோது ஒரு சுவர் பிளந்து முழுவதும் மூழ்கியது. இழப்பு சுமார் 700 மில்லியன் டாலர். பொருளைச் சிறு கட்டங்களாக வெட்டிக் கணினியில் போடும் ஃபைனைட் எலிமெண்ட் கணக்கில், சுவர்கள் சேரும் மூலையில் கட்டங்களைப் போதுமான அளவு நுணுக்கமாக வெட்டவில்லை. அங்கே வெட்டு விசை 47 சதவீதம் குறைவாக வந்தது. அதற்கேற்பக் கம்பியும் குறைவாகப் போடப்பட்டது. பிறகு ஒழுங்காகக் கட்டம் வெட்டிக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். கணிதம் அவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்கிறது, கேட்ட விதம்தான் தவறு. அந்தச் சுவரை ஒரு சாதாரண பீமாக நினைத்துக் கையால் ஒரு பக்கம் கணக்குப் போட்டிருந்தாலே எண் இடிக்கிறதே என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் போடத் தெரிந்தவர்தான் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம் என்பது என் உறுதியான எண்ணம். படிகளை எழுதித்தர இப்போது ஏ.ஐ. வந்துவிட்ட பிறகு அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது.

மற்ற பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கு வருகிற ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே 460 வர வேண்டாமா? ஏன் 400-ஐ ஒட்டி வருகிறது? மூன்று அலைகளும் 120 டிகிரி தள்ளி நிற்பதால், இரண்டால் பெருக்காமல் மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். கலப்பெண்களைக் கொண்டு இதை ஒரு வரியில் எழுதலாம் என்று 1893-இல் சிகாகோ மாநாட்டில் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். அதுவரை மாற்று மின்னோட்டக் கணக்கு பக்கம் பக்கமாக நீண்டுகொண்டிருந்தது. பிளஸ் டூவில் "கற்பனை எண்" என்று படித்தது டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் தொங்குகிறது. மரப் பலகையைப் படுக்க வைத்தால் வளைகிறது, செங்குத்தாக நிறுத்தினால் வளைவதில்லை என்பதில் கனம் இருக்கிறது. 3 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்கேலை எடுத்து வளைத்துப் பாருங்கள். நிறுத்தி வளைத்தால் உயரம் பத்து மடங்கு, அதன் கனம் ஆயிரம் மடங்கு; அகலம் பத்தில் ஒன்றாகிவிடுவதால் மொத்தம் நூறு மடங்கு விறைப்பு.

இப்போது நான் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பள்ளியில் வகைக்கெழு என்று படித்தது கல்லூரியில் டெரிவேட்டிவ் ஆனதும் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். பயத்துக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கணிதத் தாளைக் கணிதத் துறையும் மண்ணியலைச் சிவில் துறையும் தனித்தனியாக நடத்துவது. எம்-3 முடிந்து ஓராண்டு கழித்து டெர்சாகி வரும்போது, அது பழைய கம்பிதான் என்று யாரும் அடையாளம் காட்டுவதில்லை. ஒரே மனிதரை இரண்டு ஊரில் இரண்டு பெயரில் சந்திப்பது போல ஆகிவிடுகிறது. நான் செய்வது சின்ன விஷயம்தான். கடைசி வரிக்குப் பெட்டி போட்டதும் நிறுத்தி, "இரும்பு என்றால் எத்தனை நிமிடம்?" என்று கேட்கிறேன். முதல் முறை வகுப்பே அமைதியாகிவிடும். அப்புறம் கால்குலேட்டர் சத்தம் கேட்கும்.

சென்ற கோடையில் நான்கு மாணவர்கள் விடுதித் தோட்டத்தில் 5, 12, 20, 40 செ.மீ. ஆழத்தில் வெப்பமானிகளைப் புதைத்து, இரண்டு பகல் இரண்டு இரவு மணிக்கொரு தடவை எழுதினார்கள். மேற்பரப்பில் உச்ச வெப்பம் மதியம் ஒன்றரை, இரண்டு மணி வாக்கில். 12 செ.மீ. ஆழத்தில் உச்சம் வந்தது மாலை ஆறு மணிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ நான்கு மணி நேரம் தள்ளி. 40 செ.மீ. வெப்பமானி இரண்டு நாளும் அசையவே இல்லை என்று முதலில் பழுதானது என நினைத்து மாற்றப் போனார்கள். அப்புறம் கணக்கைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தாமதத்தை வைத்து அந்த மண்ணின் வெப்பப் பரவல் எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் உள்ளதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. காய்ந்த மண்.

அவர்களில் ஒரு பெண் நோட்டை மூடாமல் நின்றாள். "மழை பெஞ்சதுக்கு அப்புறம் அதே எடத்துல அளந்தா இந்த நம்பர் மாறும்ல சார்?"

மாறும் என்றுதான் நினைக்கிறேன், எவ்வளவு என்று நீங்களே முதலில் கணக்குப் போட்டு எழுதிவையுங்கள் என்றேன். எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்கள். வெப்பமானிகள் இன்னும் அங்கேயே புதைந்திருக்கின்றன. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம்.